சுரைப்பிஞ்சு ஏன் வெம்புது? மாடியில ராத்திரி பூக்குற தோட்டம் போட முழுமையான வழிகாட்டி

மூணு வருஷம் முன்னாடி எங்க மொட்டை மாடியில சுரைக்கொடி பந்தல் நிறைய படர்ந்து பூத்துத் தள்ளுச்சு, ஆனா ஒரு காய் கூட நிக்கல. விரல் நீளத்துக்கு பிஞ்சு வரும், ரெண்டு நாள் பச்சையா இருக்கும், அப்புறம் நுனியில மஞ்சளடிச்சு வெம்பி உதிர்ந்துடும். பஞ்சகவ்யா ஊத்தியாச்சு, தேமோர் கரைசல் அடிச்சாச்சு, பக்கக் கிளை வர்றதுக்காக நுனி கிள்ளற 3ஜி கட்டிங்கும் பண்ணியாச்சு, காலையில 7 மணிக்கு பெயிண்ட் பிரஷ் எடுத்துட்டுப் போய் பூசணிக்கு பண்ற மாதிரி மகரந்தத்தை தொட்டுத் தொட்டு வெச்சும் பார்த்தாச்சு. விதை கொடுத்த கடைக்காரர் மண்ணுல போரான் சத்து கம்மின்னு சொல்லி ஒரு பாக்கெட் வித்தார், அதுவும் போட்டேன், அப்பவும் அதே கதைதான்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போச்சு. காத்து வாங்க மாடிக்கு ஏறினேன், மணி ஏழேகால் இருக்கும். பந்தல் பூரா கசங்குன வெள்ளை வேட்டித் துண்டு மாதிரி சுரைப்பூ விரிஞ்சு நிக்குது, நான் காலையில பிரஷ் போட்டுட்டு இருந்ததெல்லாம் முடிஞ்சு போன பூவுலன்னு அப்பத்தான் உறைச்சுது. அதை விட பெரிய விஷயம், தெருவிளக்கு மாடி விளக்கு எல்லாம் அணைஞ்சிருந்த அந்த அரை மணி நேரத்துல ஏதோ ஒண்ணு விர்ர்ருன்னு வந்து பூ முன்னாடி அப்படியே அந்தரத்துல நின்னுச்சு. சின்ன குருவின்னு நெனச்சேன், பார்த்தா பூச்சி, நூல் மாதிரி ஒரு நீள நாக்கை உள்ள விட்டு ரெண்டு செகண்ட் உறிஞ்சிட்டு அடுத்த பூவுக்கு போயிடுச்சு. ஹாக் மாத்னு சொல்ற அந்துப்பூச்சி வகை அது. எனக்கு வேண்டியது போரான் இல்ல, இந்த ஆள்தான்.

அதுல இருந்து கத்துக்கிட்டதை எல்லாம் வரிசையா எழுதறேன். காய்க்காக பண்ணாலும் சரி, சும்மா ராத்திரி வாசத்துக்காக பண்ணாலும் சரி, வழி ஒண்ணுதான்.

முதல்ல, ராத்திரி பூ எப்படி ஆளைக் கூப்பிடுதுன்னு புரிஞ்சுக்கணும்

செடி வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க, இல்லன்னா நர்சரியில வாசம் வர்றதை எல்லாம் அள்ளிட்டு வந்துடுவீங்க. செவப்பு, நீலம்னு கலர் காட்டி கூப்பிடறது பகல் பூவோட வேலை, வெளிச்சம் இருந்தாத்தான் அது எடுபடும். ராத்திரி பூ பெரும்பாலும் வெள்ளை இல்லன்னா வெளிர் மஞ்சள், ஏன்னா இருக்கற கொஞ்ச நிலா வெளிச்சத்தையும் திருப்பி அடிக்கறது அதுதான். அதுக்காக அந்துப்பூச்சிக்கு கலரே தெரியாதுன்னு நெனச்சுடாதீங்க. 2002-ல சுவீடன்ல லுண்ட் பல்கலைக்கழகத்து ஆளுங்க யானை ஹாக் மாத்னு ஒரு வகையை வெச்சு சோதிச்சாங்க, நமக்கு எல்லாமே சாம்பலா தெரியற நட்சத்திர வெளிச்சத்துல கூட அது கலரைப் பிரிச்சுப் பார்த்துச்சு. நம்ம கண்ணை வெச்சு ராத்திரியை எடை போடக் கூடாது.

ரெண்டாவது வாசம். தூரத்துல இருக்கற பூச்சிக்கு வெள்ளை தெரியாது, காத்துல வர்ற வாசம்தான் வழி காட்டும். மல்லிப்பூவை பகல்ல மொட்டா மோந்து பாருங்க, ஒண்ணும் இருக்காது, இருட்டினதும் விரிஞ்சு வீட்டையே தூக்கும். செடிக்கு உள்ள ஒரு கடிகாரம் ஓடுது, ஆள் வர்ற நேரத்துக்கு மட்டும்தான் வாசத்தை செலவு பண்ணும். லினலூல், பென்சைல் அசிடேட், இண்டோல்னு பல சரக்கு சேர்ந்ததுதான் மல்லி வாசம், இதுல இண்டோல் மட்டும் தனியா கெட்டியா இருந்தா நாறும், கொஞ்சமா கலந்தாத்தான் அந்த கிறக்கம் வருது.

மூணாவது குழாயோட நீளம். இதுல ஒரு பழைய கதை இருக்கு. மடகாஸ்கர்ல ஒரு வெள்ளை ஆர்க்கிட், பூவுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் நீள வால், தேன் அதோட அடியில. 1862-ல சார்லஸ் டார்வின் அதைப் பார்த்துட்டு, அவ்வளவு நீள நாக்கோட ஒரு அந்துப்பூச்சி அங்க இருந்தே ஆகணும்னு எழுதினார், கேலி பண்ணவங்களும் இருந்தாங்க. 1903-ல அதே மாதிரி ஒண்ணு கிடைச்சு பேரும் வெச்சாங்க, அப்ப டார்வின் இறந்து 21 வருஷம் ஆயிருந்துச்சு. நமக்கு இதுல என்ன பாடம்னா, பூ எவ்வளவு ஆழமோ அந்த ஆழத்துக்கு நாக்கு இருக்கற ஆளுக்குத்தான் சாப்பாடு. மரமல்லிப் பூவை கையில எடுத்துப் பாருங்க, சென்னை தெருவெல்லாம் காலையில கொட்டிக் கிடக்குமே, பூ சின்னது, காம்பு மாதிரி தெரியற அந்தக் குழாய் மட்டும் விரல் நீளம். அது தேனீக்காக செஞ்சதே இல்ல.

இன்னும் ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. புதுசா விரிஞ்ச பூவுக்குள்ள தேன் இருந்தா அதுல இருந்து ஈரம் ஆவியாகி பூ வாயில காத்து லேசா ஈரமா இருக்கும். 2012-ல அமெரிக்காவுல ஒரு பாலைவனத்து ஈவ்னிங் பிரிம்ரோஸ் செடியை வெச்சு ஆராய்ஞ்சவங்க, ஹாக் மாத் அந்த ஈர வித்தியாசத்தையே மோப்பம் பிடிச்சு எந்தப் பூவுல தேன் இருக்குன்னு தெரிஞ்சுக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. கதவைத் திறக்காமலே சமையல் ஆயிடுச்சான்னு தெரிஞ்சுக்கற மாதிரி.

படி 1: லைட்டை அணைங்க

செடிக்கு முன்னாடி இதுதான், இதைச் செய்யலன்னா மத்த எதுவும் செஞ்சு பிரயோஜனம் இல்ல. எங்க மாடியில படிக்கட்டு வாசல்ல ஒரு வெள்ளை எல்இடி விடிய விடிய எரியும், திருடன் பயம். அந்த லைட்டைச் சுத்தி பூச்சியா மொய்க்கும், நானும் பூச்சி நிறைய இருக்குன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். லைட்டைச் சுத்தற பூச்சி பூவுக்குப் போறதில்ல, அங்கயே சுத்தி களைச்சு பல்லி வாய்க்குப் போகுது, அவ்வளவுதான். 2017-ல சுவிட்சர்லாந்துல புல்வெளிகள்ல விளக்கு போட்டும் போடாமலும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க, விளக்கு இருந்த இடத்துல ராத்திரி பூச்சி வரத்து 62 சதவீதம் குறைஞ்சுது, அவங்க கவனிச்ச ஒரு செடியில காய்ப்பும் 13 சதவீதம் கம்மி, பகல்ல தேனீ வந்து கூட அந்த நஷ்டத்தை ஈடு கட்ட முடியல.

முழுசா அணைக்க முடியலன்னா ஆள் நடந்தா மட்டும் எரியற சென்சார் பல்பு போடுங்க, அதுவும் வெள்ளை வேண்டாம், மஞ்சள் பல்பு, மேல ஒரு மூடி போட்டு வெளிச்சம் தரையில மட்டும் விழற மாதிரி. தெருவிளக்கு நம்ம கையில இல்ல. அது விழற பக்கம் ஒரு நிழல்வலையைத் தொங்க விட்டு செடியை அதுக்குப் பின்னாடி வெச்சேன், நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது.

புகையும் வாசத்தைக் கெடுக்கும், ஒரு ஓரமா சொல்லிடறேன். வண்டிப் புகையால ராத்திரி காத்துல உருவாகற நைட்ரேட் ரேடிக்கல்ங்கற ரசாயனம் பூ வாசத்தை உடைச்சுடுதுன்னும், அப்படி உடைஞ்ச வாசத்துக்கு ஹாக் மாத் வர்றது 70 சதவீதம் குறையுதுன்னும் 2024-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. மெயின் ரோட்டுப் பக்கம் வீடு இருந்தா செடியை பின் பக்கம் வைங்க, வேற ஒண்ணும் பண்ண முடியாது.

படி 2: செடி தேர்வு, இங்கதான் எல்லாரும் காசை விடறாங்க

முதல் செடி அந்திமந்தாரை. காசே வேண்டாம், எந்த ஊர் தெருவுலயும் மிளகு மாதிரி கருப்பு விதை உதிர்ந்து கிடக்கும், நாலு பொறுக்கிட்டு வந்து ஒரு தொட்டியில ஊனுங்க. அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த செடி, இப்ப நம்ம வீட்டுப் பிள்ளை. சாயங்காலம் 4, 5 மணிக்கு விரியும், மோடம் போட்ட நாள்ல இன்னும் சீக்கிரம். ஆள் யாரும் வரலன்னா பூ வாடும்போது மகரந்தத் தண்டும் சூல்முடியும் (மகரந்தம் ஒட்ட வேண்டிய பெண் பாகம்) ஒண்ணா சுருண்டு தனக்குத் தானே மகரந்தம் வெச்சுக்கும். அதனாலதான் இது எங்க வெச்சாலும் காய்க்குது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, சுரைக்கு இந்த வசதி கிடையாது, அங்க ஆண் பூ தனி பெண் பூ தனி. அந்திமந்தாரை விதையும் கிழங்கும் விஷம், சின்னப் பசங்க இருந்தா கவனம்.

ரெண்டாவது நிலாப்பூக் கொடி, நர்சரியில மூன் ஃபிளவர்னு கேளுங்க. விதைத் தோல் ரொம்ப கெட்டி, ஓரத்துல லேசா உரசிட்டு ராத்திரி பூரா தண்ணியில ஊற வெச்சு நடுங்க. மொட்டு சுருட்டி வெச்ச குடை மாதிரி இருக்கும், இருட்டும்போது பக்கத்துல சேர் போட்டு உட்காருங்க. முதல்ல ஒரு சின்ன நடுக்கம் வரும், அப்புறம் ஒரு மடிப்பு விலகும், ரெண்டு நிமிஷத்துக்குள்ள தட்டு மாதிரி விரிஞ்சு நிக்கும், கண்ணால பார்க்கலாம். எங்க பாட்டி டிவி சீரியலை விட்டுட்டு மாடிக்கு வந்தது இதுக்கு மட்டும்தான்.

நிலசம்பங்கி கிழங்கு வாங்கி வெச்சா வருஷக்கணக்கா வரும், ஒத்தை அடுக்கு ரகமா பார்த்து வாங்குங்க. மல்லியிலயும் அதே கதைதான், குண்டுமல்லி அடுக்கு அடுக்கா இதழா இருக்கும், பூச்சி உள்ள நுழையவே கஷ்டம், முல்லையும் ஜாதிமல்லியும் தேவலை. முல்லைத் திணைக்கு பொழுது மாலைன்னு நம்ம ஆளுங்க சும்மா வெக்கல, பொழுது சாயற நேரத்தை அந்தப் பூவை வெச்சே சொல்லலாம். ஆனா நாம மொட்டாவே பறிச்சு கட்டி தலையில வெச்சுக்கறோம், அது விரியறது பஸ்ஸுலயும் கல்யாண மண்டபத்துலயும், பூச்சிக்கு என்ன மிச்சம்? ஒரு கிளை மொட்டை செடியிலயே விடுங்க. மல்லி வாசத்துக்கு பாம்பு வரும்னு கீழ் வீட்டு அக்கா பயமுறுத்துவாங்க. பாம்பு பூ வாசத்துக்கு வராது, புதர் மாதிரி அடர்த்தியா விட்டா அங்க தங்கற எலி தவளைக்கு வேணா வரும், அதனால அடியில கவாத்து பண்ணி சுத்தமா வைங்க.

பிரம்மகமலம் பத்தி கேக்காம இருக்க மாட்டீங்க. நாம அப்படிக் கூப்பிடறது மெக்சிகோ பக்கத்துல இருந்து வந்த ஒரு கள்ளி, மலையாளத்துல நிஷாகந்தி. இமயமலையில இருக்கற நிஜ பிரம்மகமலம் வேற செடி. ஒரு இலைத் துண்டை வெட்டி ஒரு வாரம் நிழல்ல காயப் போட்டு மண்ணுல சொருகுங்க, உச்சி வெயில் ஆகாது, பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும். தொங்கிட்டு இருக்கற மொட்டு மேல நோக்கி வளைஞ்சு உப்பிடுச்சுன்னா நாள் நெருங்கிடுச்சு, அன்னைக்கு ஒன்பது மணிக்கு மேல விரிஞ்சு விடியறதுக்குள்ள துவண்டுடும். பார்க்க இதை மிஞ்ச ஆள் இல்ல. ஆனா பூச்சிக்காகன்னா நான் பரிந்துரைக்க மாட்டேன், அந்தக் குழாய்க்கு ஏத்த ஆளுங்க மெக்சிகோவுல இருக்காங்க, எங்க வீட்டுல இது ஒரு காய் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல. இதோட சொந்தக்காரன் டிராகன் ஃப்ரூட்டும் ராத்திரிதான் பூக்கும், அதுக்கும் ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் கையால மகரந்தம் வெக்கற விவசாயிகள் இருக்காங்க.

நைட் குயின், அதாவது ராத் கி ராணின்னு சொல்ற புதர்ச்செடி, வேண்டாம்னு சொல்லுவேன். ஜன்னல் பக்கம் வெச்சா சில பேருக்கு தலைவலி. ஊமத்தை ஹாக் மாத்துக்கு விருந்து, ஆனா கொடிய விஷம், வீட்டு மாடியில வேண்டவே வேண்டாம்.

நிலத்தோட வீடு இருக்கறவங்க மட்டும் வௌவால் பக்கம் யோசிக்கலாம். இலுப்பை, இலவம், வாழை எல்லாம் ராத்திரி வௌவாலுக்காக பூக்கறது, பூ தடிமனா கெட்டியா இருக்கும், தேன் நிறைய, வாசம் நம்ம மூக்குக்கு அவ்வளவு இனிமை இல்ல. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரைன்னு சொல்றோம்ல, அந்த சர்க்கரைக்குத்தான் வௌவாலும் வருது.

படி 3: குட்டிக்கும் சாப்பாடு வைங்க

நான் ஒரு வருஷம் தப்பு பண்ணது இங்க. அந்துப்பூச்சி வரணும்னு பூச்செடி வெச்சேன், அதோட புழுவைப் பார்த்ததும் வேப்பெண்ணெய் அடிச்சு ஒழிச்சேன். நந்தியாவட்டை செடியில ஒரு நாள் காலையில பார்த்தா பாதி இலையைக் காணோம், கீழ மிளகு மிளகா எச்சம், தேடினா விரல் பருமன்ல பச்சைப் புழு ஒண்ணு, தலைக்குக் கிட்ட ரெண்டு நீலக் கண்ணு மாதிரி வட்டம், தொட்டதும் தலையை உள்ள இழுத்துட்டு அந்தக் கண்ணை உப்பிக் காட்டுது. பயந்துட்டேன். அது அரளி ஹாக் மாத்தோட புழு, கொட்டாது கடிக்காது. வாலுல ஒத்தைக் கொம்பு இருந்தா பெரும்பாலும் ஹாக் மாத் குடும்பம்தான்னு வெச்சுக்கலாம்.

அதனால மாடியில ஒரு மூலையை புழுவுக்குன்னே எழுதிக் கொடுத்துடுங்க. ஒரு நந்தியாவட்டை, ஒரு தொட்டி சர்க்கரைவள்ளிக் கொடி, ஒரு சேம்பு. சர்க்கரைவள்ளி குடும்பத்துல வளர்ற ஹாக் மாத்துக்கு நாக்கு உடம்பை விட நீளம், நீளக் குழாய்ப் பூவுக்கெல்லாம் நம்ம ஊர்ல அதுதான் ஆள். மூன் ஃபிளவரும் அதே குடும்பம்தான், அதனால அதுவே ஹோட்டல் அதுவே பிரசவ ஆஸ்பத்திரி. புழு முத்தினதும் கீழ இறங்கி மண்ணுக்குள்ளயோ சருகுக்கு அடியிலயோ கூட்டுப்புழு ஆயிடும். அந்தத் தொட்டி மண்ணைக் கிளறாதீங்க, மேல காய்ஞ்ச இலையை அப்படியே விடுங்க. மருந்துன்னு எதையும், இயற்கை மருந்தா இருந்தாலும், அந்த மூலையில அடிக்கக் கூடாது. தெருவுல கொசுப்புகை போடற அன்னைக்கு என்ன செய்யறதுன்னு கேட்டா, ஒண்ணும் செய்ய முடியாது, அடுத்த ரெண்டு மூணு நாள் வரத்து கம்மியா இருக்கும்.

படி 4: உட்கார்ந்து பாருங்க

சாயங்காலம் ஆறரைக்கு போய் உட்காருங்க, எட்டு மணி வரைக்கும். டார்ச் மேல செவப்பு கண்ணாடிப் பேப்பரை ரெண்டு மடிப்பா சுத்தி ரப்பர் பேண்டு போடுங்க, செவப்பு வெளிச்சம் பூச்சிங்களை அவ்வளவா தொந்தரவு பண்ணாது. செல்போன் ஸ்கிரீன் வேண்டாம். கொசுவத்தியும் வேண்டாம், முழுக்கை சட்டை போட்டுக்கோங்க. முதல் வாரம் யாரும் வரலன்னா மனசு விடாதீங்க, எங்க வீட்டுல லைட்டை அணைச்சு பதினோராவது நாள்தான் முதல் ஆள் வந்துச்சு. பூவுல இறங்காம அந்தரத்துல நின்னு குடிச்சா ஹாக் மாத், பூ மேல உட்கார்ந்து குடிச்சா மத்த அந்துங்க.

படி 5: ஆள் வரலன்னா நாமதான் மாத்

சிட்டிக்கு நடுவுல, நாலு பக்கமும் அபார்ட்மெண்ட் இருக்கற மாடியில இத்தனையும் பண்ணாலும் தினமும் வரும்னு சொல்ல முடியாது. காய் வேணும்னா கையால பண்ணிடுங்க, நேரம்தான் எல்லாமே. சுரை, புடலை, நரம்பு இருக்கற பீர்க்கை, இது மூணும் சாயங்காலம் விரியறது. பூசணி, பாகல், நுரை பீர்க்கை விடியக்காலை. இந்த ஒரு வரி தெரியாமத்தான் நான் ஒரு சீசன் பூரா பிரஷ் பிடிச்சேன்.

சுரையில முதல்ல கொஞ்ச நாள் வெறும் ஆண் பூதான் வரும், பதறாதீங்க. ஆண் பூவுக்கு காம்பு ஒல்லியா நீளமா இருக்கும், பெண் பூவுக்கு அடியிலயே பூனைமுடி வெச்ச குட்டி சுரைக்காய் ஒட்டிட்டு இருக்கும். மத்தியானமே சுத்திப் பார்த்து அன்னைக்கு விரியப் போற பெண் மொட்டுல ஒரு நூல் கட்டி வெச்சுக்கோங்க, இருட்டுல தேட வேண்டாம். ஆறரை ஏழு மணிக்கு ஆண் பூவைக் கிள்ளி இதழை எல்லாம் உரிச்சுடுங்க, நடுவுல நிக்கற மகரந்தத் தண்டை விரல்ல தொட்டா மஞ்சளா ஒட்டணும், ஒட்டலன்னா இன்னும் பத்து நிமிஷம் பொறுங்க. அதை பெண் பூ நடுவுல இருக்கற மூணு பிரிவு சூல்முடி மேல எல்லாப் பக்கமும் படற மாதிரி மெதுவா தேய்ங்க, ஒரு பக்கம் மட்டும் பட்டா காய் கோணலா வர வாய்ப்பிருக்கு. ஒரு ஆண் பூ ரெண்டு பெண் பூவுக்கு போதும். பிரஷ் தேவையே இல்ல.

விளக்கு வெச்சதுக்கு அப்புறம் செடியைத் தொடக் கூடாதுன்னு பாட்டி ஒரு சண்டை போட்டாங்க. பறிக்கத்தானே கூடாது பாட்டி, நான் சேர்த்துத்தானே வைக்கறேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, சரி, கை கழுவிட்டுத் தொடுன்னாங்க.

மூணாவது நாள் போய்ப் பாருங்க. பிடிச்சிருந்தா பிஞ்சு தலை கீழ சாய்ஞ்சு பளபளன்னு பருக்க ஆரம்பிச்சிருக்கும், பிடிக்கலன்னா நுனி மஞ்சளாகும். நல்லா பருத்துட்டு வர்ற காய் திடீர்னு அழுகி, மேல ஊசி குத்தின மாதிரி புள்ளியும் அதுல பிசின் மாதிரி கசிவும் இருந்தா அது மகரந்தப் பிரச்சனை இல்ல, பழ ஈ, அதுக்கு பிஞ்சுலயே துணிப்பை கட்டணும். போன வெள்ளிக்கிழமை கையால வெச்ச நாலுல மூணு சாய்ஞ்சிருக்கு. நாலாவதுக்கு நூல் கட்ட மறந்துட்டேன், இருட்டுல வேற பூவைத் தொட்டிருக்கேன் போல, ஆனா பந்தலுக்கு அந்தப் பக்கம் நான் தொடவே தொடாத ஒண்ணு கை முழம் நீளத்துக்குத் தொங்குது.